அம்மாவோட தட்டுவடை செட் வண்டியை எடுக்கச் சொல்றாங்க, லோன் தர்றோம்கிறாங்க, ஆடிக்குக் கடை போடணும்: எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

தம்பி, நீங்க கேட்டதை என் வாயால ஒரு தடவை சொல்லிப் பாக்குறேன், சரியான்னு பாருங்க. சேலம் அம்மாப்பேட்டை பக்கம் மெயின் ரோட்டோரமா உங்க அம்மா 14 வருஷமா சாயங்காலம் தட்டுவடை செட் (ரெண்டு தட்டைக்கு நடுவுல துருவலும் சட்னியும் வெச்சது) வண்டி போடுறாங்க. போன வாரம் ஒருத்தர் வந்து, இங்க சாக்கடை வேலை வரப்போகுது வண்டியை எடுத்துக்கோங்கன்னு வாயால சொல்லிட்டுப் போயிட்டாரு. இன்னொருத்தர் ரோட்டோரக் கடைக்கு கவர்மெண்ட் லோன் இருக்கு, 2,000 குடுத்தா நானே முடிச்சுத் தர்றேங்கிறாரு. ஆடித் திருவிழாவுக்கு கோயில் பக்கம் ஒரு கடை போடலாம்னா யாரைக் கேக்கணும்னே தெரியல. கடைசியா "எல்லா நியூஸும் எங்களுக்கு தேதி முடிஞ்சப்புறம்தான் வருது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரிக்காகத்தான் உக்காந்து இவ்ளோ நீளமா எழுதுறேன். ஏன்னா பாக்க மூணு கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில ஒரே கேள்விதான் இருக்கு. அம்மாவோட கடை மாநகராட்சி பேப்பர்ல இருக்கா, இல்லையா?

நான் 11 வருஷம் நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்துல சமுதாய அமைப்பாளரா வேலை பார்த்தவ. ரோட்டோர வியாபாரிங்க கணக்கெடுப்பு, அடையாள அட்டை, சுய உதவிக் குழு, லோன் பாரம் இதெல்லாம்தான் என் பொழப்பே. வக்கீல் இல்லீங்க, அதனால கோர்ட்டு கேசுன்னு போற அளவுக்கு வந்தா நான் சொல்றதை மட்டும் நம்பிப் போகாதீங்க. கீழ எது சட்டம், எது என் அனுபவம்னு பிரிச்சுப் பிரிச்சே சொல்றேன்.

மொதல்ல சட்டம், இதுல சந்தேகமே வேண்டாம். 2014-ல சாலையோர வியாபாரிகள் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, நாடு முழுக்க ஒரே சட்டம். அதுப்படி ஒவ்வொரு ஊர்லயும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரோட்டோர வியாபாரிங்களைக் கணக்கெடுக்கணும், கணக்குல வந்தவங்களுக்கு விற்பனைச் சான்றிதழ் குடுக்கணும். அந்தக் கணக்கெடுப்பு முடிஞ்சு சான்றிதழ் குடுக்கிற வரைக்கும் இருக்கிறவங்களை எடுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அதுக்கப்புறமும் ஒருத்தரை இடம் மாத்தணும்னா 30 நாள் நோட்டீஸ் குடுக்கணும். ஊர்ல எந்த இடம் விக்கிறதுக்கு, எந்த இடம் கூடாதுங்கிறதுல நகர விற்பனைக் குழுன்னு ஒரு குழுவைக் கேக்கணும், கமிஷனர்தான் அதுக்குத் தலைவர், அதுல நூத்துக்கு 40 பேர் வியாபாரிங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வியாபாரிங்களா இருக்கணும், அவங்கள்ல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க. இது எதுவுமே சலுகை இல்ல, சட்டத்துல எழுதிக் கிடக்கு. ஆனா இதே சட்டம் இன்னொண்ணும் சொல்லுது, அதையும் மறைக்காம சொல்லணும்: சான்றிதழ் இருந்தா அந்த இடம் உங்களுக்கே சொந்தம்னு ஆகாது. நிரந்தர உரிமை எதுவும் கிடையாது. சான்றிதழை வாடகைக்கு விட முடியாது, வேற ஆளுக்கு மாத்த முடியாது. ஆனா அம்மாவுக்கு முடியாம போனா, அவங்க வீட்டுக்காரரோ அவங்களை நம்பியிருக்கிற பிள்ளையோ அந்தச் சான்றிதழ் காலம் முடியிற வரைக்கும் கடையை நடத்தலாம். அப்புறம் ரயில்வே நிலத்துக்கு இந்தச் சட்டமே செல்லாது, ஜங்ஷன் பக்கம் கடை வெச்சிருக்கிற உங்க சொந்தக்காரர் யாராவது இதைப் படிச்சிட்டு தைரியமா இருந்துடப் போறாங்க, அதுக்காகச் சொல்றேன்.

அப்ப போன வாரம் வந்தவர் வாயால சொன்னது நோட்டீஸான்னா, இல்ல. வாயால சொன்னா அது தகவல், அவ்ளோதான். ஆனா அதுக்காக அவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க தம்பி, இது என் அனுபவம். வந்தவர் அனேகமா கான்ட்ராக்டர் ஆளாவோ சுகாதாரப் பிரிவு ஆளாவோ இருப்பாரு, அவர்கிட்ட சட்டம் பேசி ஒண்ணும் ஆகப் போறதில்ல. நீங்க போக வேண்டியது அம்மாப்பேட்டை மண்டல ஆபீஸ். நம்ம மாநகராட்சியில 60 வார்டு, சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டின்னு 4 மண்டலம். மெயின் ஆபீஸுக்குப் போய் அலையிறவங்க நிறைய பேரு, சுத்தி வந்து மறுபடி மண்டலத்துக்குத்தான் அனுப்புவாங்க. அங்க போய் ரெண்டே ரெண்டு விஷயம் கேளுங்க. கடைசியா எடுத்த சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்புல அம்மா பேரு இருக்கா? எங்க தெருவுல வர்ற வடிகால் வேலைக்கு வேலை உத்தரவு ஆயிடுச்சா, எந்த நீளத்துக்கு?

பேரு இருந்தா பாதி கவலை தீந்துச்சு. சாலையோர வியாபாரி அடையாள அட்டை வாங்காம விட்டிருந்தா வாங்குங்க, தொலைஞ்சிருந்தா மறுபடி கேளுங்க. பேரு இல்லைன்னா கமிஷனர் பேருக்கு ஒரு விண்ணப்பம், அம்மா கையெழுத்தோட, ரெண்டு காப்பி, ஒரு காப்பில சீல் வாங்கிக்கணும். அந்த சீல் இல்லாம வெளிய வராதீங்க. கூட என்ன வெக்கிறதுங்கிறதுதான் முக்கியம், ஏன்னா 14 வருஷமா இருக்கோம்னு எல்லாரும்தான் சொல்வாங்க, காட்டணும் இல்ல. நான் பார்த்ததுலயே பலமா நின்னது சுங்க ரசீது. ரோட்டோரக் கடைக்குத் தினம் வசூல் பண்ணி ஒரு துண்டுச் சீட்டு குடுப்பாங்களே, நாம அதுலயே மடிச்சுப் பொட்டுக்கடலை கட்டிக் குடுத்துடுவோம். ஒரு பூக்கார அம்மா, பக்கத்து ஊர்ல, ஒம்பது வருஷத்துச் சீட்டை நூல்ல கோத்து மஞ்சத்தூள் டப்பால வெச்சிருந்தாங்க, கணக்கெடுக்கப் போனப்ப டப்பாவைத் தூக்கி என் மடியில கவுத்தாங்க. அதுக்கப்புறம் அவங்க எத்தனை வருஷமா இருக்காங்கன்னு ஒருத்தரும் கேக்கல. சீட்டு இல்லைன்னா கடை முன்னாடி எடுத்த பழைய போட்டோ, யாரோட பொறந்த நாளுக்கோ எடுத்ததா இருந்தாலும் பின்னாடி வண்டி தெரிஞ்சா போதும். இப்ப இன்னொரு நல்ல சாட்சி வந்திருக்கு, க்யூஆர் கோடு. அம்மா ஃபோன்பேயோ ஜிபேயோ வெச்சிருந்தா பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுங்க, சாயங்காலம் அஞ்சு மணில இருந்து பத்து மணி வரைக்கும் இருபது முப்பதுன்னு வரிசையா விழுந்திருக்கும் பாருங்க, அதைவிட ஒரு ஆதாரம் வேணுமா?

வடிகால் வேலை விஷயத்துல நான் கொஞ்சம் கசப்பானதையும் சொல்லணும். வேலை வந்தா வண்டி அங்க நிக்க முடியாது, அது நிஜம், குழி தோண்டி கம்பி கட்டினா யாரு வந்து செட் சாப்பிடுவாங்க. நம்ம ஊர்ல மழை பெஞ்சா தண்ணி எப்படி நிக்குதுன்னு அம்மாப்பேட்டைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், அந்த வேலையும் வேணும். அதனால "எடுக்க மாட்டோம்"னு நிக்காம, வேலை நடக்கிற வரைக்கும் மாத்து இடம் குடுங்க, முடிஞ்சதும் பழைய இடத்துக்கே வர அனுமதி வேணும்னு அதே விண்ணப்பத்துல எழுதிக் கேளுங்க. இதை வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எழுதணும், நான் பார்த்த வரைக்கும் திரும்பி வர முடியாம போனவங்க எல்லாம் வேலை முடிஞ்சப்புறம் கேட்டவங்கதான். அவங்களைத் தடுத்ததும் அனேகமா ஆபீசர் இல்ல, பின்னாடி இருக்கிற கட்டடக் கடைக்காரர். வடிகால் மேல ஸ்லாப் போட்டதும் கடை முகப்பு பளிச்சுன்னு ஆயிடும், அப்ப அவருக்கு வண்டி மறைக்கிற மாதிரி தெரிய ஆரம்பிச்சுடும், அவர்தான் கம்ப்ளெயின்ட் குடுப்பாரு. அதனால இப்பவே அம்மாவைக் கூட்டிட்டுப் போய் அந்தக் கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசி வெச்சுடுங்க. முடிஞ்சா அவர் கையால "இவங்க இத்தனை வருஷமா இங்க இருக்காங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல"ன்னு ஒரு கடுதாசி வாங்குங்க. சட்டத்துல இந்தக் கடுதாசிக்கு எடமே இல்ல, ஆனா நடைமுறையில அது பேசும்.

பொருளை எடுத்துட்டுப் போயிட்டா என்ன பண்றதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. எடுத்தா என்னென்ன எடுத்தாங்கன்னு லிஸ்ட் எழுதிக் குடுக்கணும். கெட்டுப் போற பொருளை நீங்க கேட்ட அன்னிக்கே திருப்பித் தரணும், அடுப்பு தள்ளுவண்டி மாதிரி சாமானை ரெண்டு வேலை நாளுக்குள்ள, அபராதம் கட்டிட்டு. லிஸ்ட் கேக்காம விட்டா பத்து சாமான் போய் ஏழு திரும்பி வரும், அப்புறம் யார்கிட்ட கேப்பீங்க.

இப்ப லோன். அந்த 2,000 ரூபா ஆளுக்கு ஒரு பைசா குடுக்காதீங்க, இதை நான் தீர்மானமா சொல்றேன். அவர் சொல்றது பிரதமர் ஸ்வநிதி திட்டம், 2020 ஜூன்ல கொரோனா சமயத்துல ஆரம்பிச்சது. அப்ப மொதல் கடன் 10,000. 2025 ஆகஸ்ட்ல திட்டத்தை மாத்தி 2030 மார்ச் வரைக்கும் நீட்டிச்சு, மொதல் கடன் 15,000, அதை ஒழுங்கா கட்டினா ரெண்டாவது 25,000, மூணாவது 50,000-ன்னு ஆக்கிட்டாங்க. அடமானம் கிடையாது, ஜாமீன் கிடையாது. தவறாம கட்டினா வருஷத்துக்கு 7 சதவீத வட்டி அம்மா அக்கவுண்டுக்கே மானியமா திரும்பி வரும். விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்ல. வேண்டியது ஆதாரோட சேத்த ஃபோன் நம்பர், பேங்க் பாஸ்புக், அப்புறம் நான் மேல சொன்ன அந்த அட்டை. அட்டை இல்லாதவங்களுக்கு மாநகராட்சி குடுக்கிற பரிந்துரைக் கடிதம் போதும். பாருங்க, மறுபடி அதே பேப்பர்கிட்டதான் வந்து நிக்குறோம், அதனாலதான் லோனைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி மண்டல ஆபீஸுக்குப் போங்கன்னு சொன்னேன்.

எதுக்கு வாங்குறோம்கிறதையும் யோசிங்க. அம்மா தண்டல் வாங்குறாங்களான்னு நீங்க எழுதல, ஆனா சாயங்காலக் கடைக்காரங்கள்ல தண்டல் இல்லாதவங்களை நான் கம்மியாத்தான் பார்த்திருக்கேன். 10,000-ன்னு சொல்லி 9,000 கையில குடுத்து, நாளைக்கு 100 வீதம் 100 நாள் வாங்கிட்டுப் போவாங்க. பாக்க 1,000 ரூபாதானேன்னு இருக்கும். ஆனா அந்தக் காசு முழுசா நம்ம கையில 100 நாளும் இருக்கிறதில்ல, மறுநாள்ல இருந்தே கழிஞ்சுக்கிட்டே வருது, வருஷக் கணக்குல பார்த்தா 70 சதவீதத்துக்கு மேல வட்டி. 15,000 பேங்க் கடனை ஒரு வருஷத்துல கட்ட, தினம் 50 ரூபா ஒரு டப்பால போட்டாலே மாசத் தவணைக்கு மேல வந்துடும். மொதல் கடனைத் தண்டலை அடைக்க எடுத்து, அதோட தண்டலை நிறுத்திட்டவங்க ரெண்டாவது கடனுக்கு நிம்மதியா வந்தாங்க. தண்டலும் ஓடட்டும் பேங்கும் ஓடட்டும்னு வெச்சவங்க திணறினாங்க. இதை அம்மாகிட்ட நீங்க நேரா சொன்னா கோவம் வரலாம், பொறுமையா கணக்குப் போட்டுக் காட்டுங்க. ஒரு பேங்க் கிளையில என் கூட வந்த பதினோரு பேரை மேனேஜர் மூணு தடவை திருப்பி அனுப்பினாரு, இந்தக் கடன் எல்லாம் திரும்பி வராதும்மான்னு சொல்லி. நாலாவது தடவை அதுல நாலு பேரோட க்யூஆர் ஸ்டேட்மெண்டை மேசையில வெச்சோம், அன்னிக்குத்தான் பாரத்தை எடுத்துப் படிச்சாரு. அதனால பேங்க்குக்குப் போனாலும் அந்த ஸ்டேட்மெண்ட் கையில இருக்கட்டும்.

நீங்க நடுவுல "மானியத்தோட 10 லட்சம் லோன் வாங்கி கடையாவே போட்டுடலாமா"ன்னும் கேட்டிருந்தீங்க. அது மாவட்ட தொழில் மையம் வழியா வர்றது. படிச்ச வேலையில்லாத இளைஞர்களுக்கான மாநிலத் திட்டத்துல 25 சதவீதம் மானியம், உச்சம் 3 லட்சத்து 75 ஆயிரம், எட்டாவது படிச்சிருந்தா போதும், வியாபாரத்துக்கும் உண்டு. மத்திய அரசோட திட்டமும் இருக்கு, அதுல நகரத்துல பொதுப் பிரிவுக்கு 15, பொம்பளைங்க உட்பட சிறப்புப் பிரிவுக்கு 25 சதவீதம். ஆனா மானியம்னா மொதல்லயே கையில குடுக்கிற காசு இல்ல, மத்திய அரசுத் திட்டத்துல அது கடன் கணக்கோட சேந்த டெபாசிட்டா மூணு வருஷம் நிக்கும், அதுவரைக்கும் கடையை நடத்தித் தவணை கட்டினாத்தான் கழியும். வாடகை, அட்வான்ஸ், கரண்டு எல்லாம் சேத்து, நாளைக்கு எத்தனை செட் வித்தா கட்டுப்படியாகும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. என்னைக் கேட்டா இந்த வருஷம் வேண்டாம். வண்டியில ஓடுற செட் கடை, கடைக்குள்ள போனா அதே மாதிரி ஓடும்னு சொல்ல முடியாது, நம்ம ஊர்க்காரங்க நின்னுக்கிட்டே, பீட்ரூட் கேரட் துருவல் கீழ சிந்தாம வாயில போட்டுட்டு இன்னொரு நொறுக்கல்னு கை நீட்டுறதுக்குத்தான் வர்றாங்க.

ஆடித் திருவிழாக் கடை. இதுல சட்டத்தை விட விசாரிப்புதான் வேலை செய்யும். கோட்டை மாரியம்மன்ல இருந்து அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டைன்னு ஆடி முழுக்க ஊரே ரோட்டுல இருக்கும், அலங்கார வண்டி ஊர்வலமான வண்டி வேடிக்கை அன்னிக்கு குகைப் பக்கம் நிக்க இடம் கிடைக்காது. கடை எங்க போடப் போறீங்களோ அந்த மண்ணு யாருதுன்னு மொதல்ல பாருங்க. கோயில் நிலம்னா கோயில் ஆபீஸ், அங்க ஏலமா நாள் வாடகையான்னு கேளுங்க. ரோட்டு ஓரம்னா மண்டல ஆபீஸும் போலீஸ் ஸ்டேஷனும். ஏலம் எடுத்த ஆள்கிட்ட இருந்து உள் வாடகைக்கு எடுக்கிறதுதான் சுலபம்னு சொல்வாங்க, எடுங்க, ஆனா ரசீது இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. தேதியும் வாடகையும் கோயிலுக்குக் கோயில் மாறும், போன வருஷத்து வெலையை நம்பிக் காசு ஒதுக்கக் கூடாது. அரசுப் பொருட்காட்சி, கலெக்டர் ஆபீஸ் பக்கம் நடக்கிற மகளிர் கண்காட்சி இதுக்கெல்லாம் தனி ஆளா போறதை விட சுய உதவிக் குழுவா போறது நல்லது, மகளிர் திட்ட ஆபீஸ் குழுக்களுக்குத்தான் மொதல்ல சொல்லி அனுப்பும். அம்மா எந்தக் குழுவுலயும் இல்லைன்னா இந்த மாசமே ஒண்ணுல சேருங்க. ஏற்காடு கோடை விழாவை அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கோங்க. அது அனேகமா மே மாசம் நடக்கும், மாநகராட்சிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, மேல ஊராட்சி நிர்வாகம், விழா நடத்துறது மாவட்ட நிர்வாகமும் தோட்டக்கலையும் சுற்றுலாவும். கூட்டம் அதிகமான நாள்ல அஸ்தம்பட்டி வழியா ஏத்தி குப்பனூர் வழியா இறக்குற ஒருவழிப் பாதை ஆக்கிடுவாங்க, 20 கொண்டை ஊசி வளைவுல எண்ணெய்ச் சட்டி, கேஸ் எல்லாம் ஏத்திட்டுப் போய் சாயங்காலம் மழை பெஞ்சா அவ்ளோதான், துருவல் எல்லாம் தண்ணி விட்டுடும். ஒரு தடவை சும்மா போய் பாத்துட்டு வாங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்.

எங்க கடை போட்டாலும் பிளாஸ்டிக் தட்டு, கவர் வேண்டாம். 2019 ஜனவரி 1-ல இருந்தே தடை, வண்டிக் கடைக்கு அதுக்கு அபராதமும் விழும். பாக்குமட்டையோ வாழை இலைத் துண்டோ போதும். பழைய நியூஸ்பேப்பர்ல வெச்சுக் குடுக்கிறதும் உணவுப் பாதுகாப்புத் துறை வேண்டாம்னு சொல்றதுதான், அந்தத் துறையில அம்மா பேருக்குப் பதிவும் பண்ணிடுங்க.

கடைசியா அந்த "தேதி முடிஞ்சப்புறம் வருது" விஷயம். பேப்பர்ல வர்றப்ப அது பழைய நியூஸ் தம்பி. மாமன்றக் கூட்டத்துல தீர்மானம் வந்து, டெண்டர் ஆகி, கான்ட்ராக்டர் வந்து, ஆளு வாயால சொல்ற வரைக்கும் எத்தனையோ மாசம் ஓடியிருக்கும். உங்க வார்டு கவுன்சிலருக்குக் கூட்டத்துக்கு முன்னாடியே அஜெண்டா வரும். நம்ம வார்டு வேலை எதுவும் இருக்கான்னு மாசம் ஒரு தடவை ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க, யாரும் கேக்கிறதில்லைங்கிறதுதான் பிரச்சனை. 2022 நவம்பர் 1-ல இருந்து பகுதி சபான்னு ஒண்ணு நடக்குது, கிராமத்துக்கு கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது, வார்டைப் பல பகுதியாப் பிரிச்சு வருஷத்துல நாலு தடவை கூட்டணும். நான் போன கூட்டங்கள்ல நாப்பது பேரு வந்தாலே பெரிசு, அதுல முப்பது பேரு தெரு லைட்டைப் பத்திதான் பேசுவாங்க. அங்க அம்மா எந்திரிச்சு, நான் இத்தனை வருஷமா இங்க கடை வெச்சிருக்கேன், வடிகால் போட்டப்புறம் எனக்கு எங்க இடம்னு கேட்டு, அது மினிட்ஸ் புக்குல ஏறினா, நாளைக்கு அது ஒரு ஆதாரம்.

மண்டல ஆபீஸ்ல பதில் வரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 10 ரூபா கோர்ட்டு ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் குடுத்தாகணும். "ஏன் எடுக்கிறீங்க"ன்னு கேக்காதீங்க, அதுக்குப் பதில் வராது. நகர விற்பனைக் குழு கடைசியா எந்தத் தேதி கூடுச்சு, அந்த மினிட்ஸ் நகல் வேணும், எங்க வார்டு கணக்கெடுப்புப் பட்டியல் நகல் வேணும்னு ஆவணத்தைக் கேளுங்க. அவசரம்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுத்து நம்பர் வாங்குங்க, இல்ல முதல்வர் உதவி எண் 1100-க்கு ஃபோன் பண்ணுங்க, ரெண்டுலயும் ஒரு மனு நம்பர் வரும், அதை எழுதி வெச்சுக்கோங்க.

இந்த வாரமே மண்டல ஆபீஸுக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, காலையில போனா சாயங்காலக் கடையும் கெடாது. வந்துட்டுப் போனவர் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை சொன்னாருன்னு மறக்கறதுக்குள்ள ஒரு நோட்டுல எழுதுங்க. கணக்கெடுப்புல பேரு இருக்குன்னாங்களா இல்லைன்னாங்களான்னு மட்டும் இங்க ஒரு வரி போடுங்க, இல்லைன்னா கமிஷனருக்கு எழுதுற விண்ணப்பத்தை நானே எழுதி இங்க போடுறேன், அம்மா பேரையும் வார்டு நம்பரையும் நீங்க நிரப்பிக்கலாம்.